களிம்பை மறந்தவர்கள்

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் பாட்டில் வைத்துக் கொடுத்தார்கள். என் சித்தி அதை ஷோகேஸில் அடுக்காமல் அன்றைக்கே புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். ராத்திரி படுக்கப் போகுமுன் ஆர்.ஓ. இயந்திரத்தில் தண்ணீர் பிடித்து, பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, மூடியை இறுக்கிக் கட்டில் பக்கத்தில் வைப்பார். விடிந்ததும் வெறும் வயிற்றில் அவ்வளவையும் குடித்துவிடுவார்.

மூன்று வாரம் கழித்து நான் போனபோது, காலையில் குமட்டிக்கொண்டே இருக்கிறது, வாயெல்லாம் காசை நக்கின மாதிரி இருக்கிறது என்றார். பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். நான் பாட்டிலை வாங்கி, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். தோள் வளைவுக்குக் கீழே, தண்ணீர் வந்து நிற்கும் மட்டத்தில், நீலப்பச்சையாக ஒரு வளையம். கழுத்து வழியாக விரல் நுழையவில்லை. ஒரு குச்சியின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்து எடுத்தேன். துணி மயில்கழுத்து நிறத்தில் வந்தது. சித்தியிடம் காட்டினேன்.

"செம்புதானேடா. உடம்புக்கு நல்லதுதானே. கொஞ்சம் கூடப் போனாத்தான் என்ன?"

இதைச் சொன்னது சித்தி மட்டும் என்றால் அங்கேயே பேசி முடித்திருப்பேன். யோகா வகுப்பில் இதையேதான் சொல்கிறார்கள். பாத்திரக் கடைக்காரர் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு முறை வருகிறது. தண்ணீர் இயந்திரம் விற்க வீட்டுக்கு வரும் இளைஞர், "இதுல காப்பரும் சேர்ந்து வரும் சார்" என்பதை விலைக்கு நியாயமாகச் சொல்கிறார். முன்னோர் குடித்தார்கள், கிருமி சாகும், உடம்புக்குத் தேவையான சத்து. ஆகவே தண்ணீரில் செம்பு எவ்வளவு சேர்ந்தாலும் லாபம்தான் என்பது இன்று படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் ஊறிப்போன கருத்து. அந்த "ஆகவே" தவறு என்கிறேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது ஆபத்தும்கூட.

செம்பு கிருமியைக் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. காலரா, சீதபேதி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தண்ணீரில் கலந்து செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு தேடியபோது உயிருள்ள கிருமி அகப்படவில்லை. செம்புத் தண்ணீர்க்காரர்கள் இந்தச் சோதனையைத்தான் கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. அவற்றை யாரும் பகிர்வதில்லை. அந்தப் பானைத் தண்ணீரில் இறங்கியிருந்த செம்பு லிட்டருக்கு ஏறக்குறைய 0.18 மில்லிகிராம். அந்தத் தண்ணீரின் பி.எச். 7.8-க்குச் சற்று மேலே, அதாவது கொஞ்சம் காரப் பக்கம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பானையில் சேரவில்லை. கிருமியும் செத்தது, தண்ணீரும் பாதுகாப்பாக இருந்தது. நம்பிக்கையாளர்கள் இந்த முடிவை எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தண்ணீரில் அந்த முடிவு கிடைத்தது என்பதை விட்டுவிட்டார்கள்.

என் சண்டை முழுக்க இந்த இடத்தில்தான். பாத்திரம் பழையதுதான், ஆனால் அதில் நாம் ஊற்றுகிற தண்ணீர் மாறிவிட்டது.

தாத்தா காலத்துச் செப்புக்குடத்தில் கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ இருந்தது. உப்பும் சுண்ணாம்பும் கரைந்த தண்ணீர். இன்று சித்தி ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீர். அந்த இயந்திரத்தின் சவ்வு தண்ணீரில் கரைந்த உப்புகளைப் பிடித்து நிறுத்திவிடும்; கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிறுத்த அதனால் முடியாது. தண்ணீரின் புளிப்பைச் சமன்செய்து வைத்திருந்த பைகார்பனேட் அந்தப் பக்கமே தங்கிவிட, வாயு மட்டும் இந்தப் பக்கம் வந்து கார்பானிக் அமிலமாக நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச். 6-ஐ ஒட்டி இறங்குவதும், சில வீடுகளில் அதற்குக் கீழே போவதும் இதனால்தான். பி.எச். கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. பெங்களூரு சோதனைத் தண்ணீருக்கும் சித்தியின் பாட்டில் தண்ணீருக்கும் இடையில் இருப்பது பத்து மடங்கு வித்தியாசம் மட்டும் இல்லை, அதற்கும் வெகு மேலே. அதன்பின் எலுமிச்சம்பழம் வேறு. காற்றும் அமிலமும் சேர்ந்த தண்ணீர் செம்பைக் கரைக்கும் என்பது பள்ளிக்கூடத்து வேதியியல். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, பி.எச். 6-க்குக் கீழே உள்ள உணவும் பானமும் பொதுவாகச் செம்பிலோ பித்தளையிலோ படக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. எலுமிச்சைத் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே.

சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் எப்போதுமே பாதுகாப்பு என்றும் நான் சொல்லவில்லை. காரத்தன்மை மிகுந்த சில நிலத்தடி நீரிலும் புதுச் செப்புக் குழாய் நிறையவே கரையும். தண்ணீரின் தன்மை, அது உலோகத்தில் தங்கும் நேரம், அதன் சூடு, உலோகம் புதியதா பழையதா, இத்தனையும் சேர்ந்துதான் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. "செம்பில் வைத்த தண்ணீர்" என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரே பொருள் கிடையாது.

முன்னோர் பேச்சுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் அவர்கள் சொன்னதில் பாதியைத்தான் கேட்கிறார்கள்.

களிம்பு என்றால் இன்று குழாயில் வரும் தோல் மருந்து. பழைய தமிழில் அது செம்பின் மேல் பூக்கும் பச்சை நஞ்சுக்குப் பெயர். சைவ சித்தாந்தம் உயிரோடு ஒட்டிக்கிடக்கும் ஆணவ மலத்துக்கு உவமை தேடியபோது செம்பில் களிம்பைத்தான் எடுத்தது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதாக இல்லாமல் செம்போடு கூடவே இருப்பது, எத்தனை துலக்கினாலும் மறுபடி வருவது என்று அந்த உவமை நிற்க வேண்டுமானால், கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் செம்பில் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்கள். பயந்தார்கள். அந்தப் பயத்தைச் சுற்றி ஒரு சமையலறையையே அமைத்தார்கள்.

எந்தப் பொருளை எதில் வைப்பது என்று நம் பாட்டிமார் வைத்திருந்த ஒழுங்கைப் பாருங்கள். தயிருக்குக் கல்சட்டி. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. புளிக்குழம்புக்கு மண்சட்டி அல்லது கல்சட்டி. ரசத்துக்கு ஈயச்சொம்பு. புளிப்புள்ள எதுவும் வெறும் செம்பையோ பித்தளையையோ தொடாது. மறந்து போய்ப் பித்தளைக் கிண்ணத்தில் மோரை வைத்துவிட்டால், "களிம்பேறிப் போச்சு, கொட்டு" என்பார்கள். பால் அபிஷேகத்துக்குச் செம்புப் பாத்திரம் எடுக்காதே என்று வைதிகர்கள் இன்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கோயிலில் செம்பிலிருந்து வரும் தீர்த்தம் ஒரு உத்தரணி அளவு; உள்ளங்கைக் குழியில் விட்டால் நாக்கு நனைவதற்கே சரியாக இருக்கும். சித்த மருத்துவர்கள் செம்பை மருந்தாக்கினார்கள், உண்மை. ஆனால் சுத்தி செய்யாத செம்பை அவர்கள் தொடுவதில்லை. துருசு என்றும் மயில்துத்தம் என்றும் அழைக்கப்படுகிற செம்பின் உப்பு குடித்தால் வாந்தி எடுக்கவைக்கும், கூடினால் ஆளையே கொல்லும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஈயம் பூசுகிறவர். எங்கள் தெருவுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை வருவார். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்..." என்ற குரல் தெருமுனையில் கேட்டதும் பரணிலிருந்து அண்டா, குண்டான், தவலை எல்லாம் இறங்கும். வேப்பமரத்தடியில் சின்னக் குழி தோண்டி, துருத்தியின் மூக்கை அதில் நுழைத்து, கரியைப் பற்றவைப்பார். பாத்திரத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சூடேற்றி, உள்ளே ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி மூக்கை அறுக்கும். ஈயக்கம்பியின் நுனியைச் சூட்டில் தொட்டு ஒரு கோடு இழுத்து, துணிச்சுருளால் ஒரு சுழற்று சுழற்றுவார். கறுத்துக் கிடந்த உட்புறம் கண்முன்னே வெள்ளிபோல் மாறும். தண்ணீரில் அமுக்கும்போது வரும் "சொய்ங்" சத்தத்துக்காகவே பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். வெள்ளீயத்தோடு காரீயம் கலந்துவிடுகிறாரோ என்று என் பாட்டி கம்பியை வளைத்துப் பார்ப்பார்; வெள்ளீயம் வளையும்போது மெல்லக் கிறீச்சிடும், காரீயம் சத்தமில்லாமல் வளையும்.

செம்பு உணவில் இறங்குவது நல்லதென்று முன்னோர் நினைத்திருந்தால் அதைத் தடுக்க இத்தனை கரியும் ஈயமும் காசும் எதற்குச் செலவழித்தார்கள்? செம்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு திரை போடுவதற்கென்றே ஒரு தொழிலை இந்த நாடு முழுக்க வளர்த்து வைத்திருந்தார்கள். செம்பில் தண்ணீர் வை என்பது அவர்கள் சொன்னதில் ஒரு பாதி. புளிப்பை வைக்காதே, பாலைக் காய்ச்சாதே, களிம்பைக் கண்டால் கொட்டு, ஈயம் தேய்ந்தால் பூசு என்பது மறுபாதி. முதல் பாதிக்கு விளம்பரம் கிடைத்தது. இரண்டாம் பாதி வேப்பமரத்தடியோடு போய்விட்டது.

குடத்துக்கும் பாட்டிலுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடத்துக்குள் கை போகும். புளியும் சாம்பலும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி, ஒட்டிய பச்சையைக் கழற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். துலக்கினால் புது உலோகம் வெளியே வந்து கொஞ்சம் கரையத்தான் செய்யும். ஆனால் களிம்பு கட்டியாகத் தண்ணீரில் விழுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. குறுகிய கழுத்துப் பாட்டிலுக்குள் எந்தக் கையும் போகாது. எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குலுக்கி ஊற்றுகிறார்கள். அந்தப் புளிப்பில் ஒரு பங்கு அடிமடிப்பில் தங்கி, அடுத்த ராத்திரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறது.

"இதெல்லாம் குமட்டலோடு போய்விடுகிற விஷயம்தானே" என்று கேட்பார்கள். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். சிலி நாட்டு ஆய்வாளர் மக்தலேனா அராயாவும் அவருடைய கூட்டாளிகளும் மனிதர்களிடமே நடத்திய சோதனைகளில், லிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது குமட்டல் தொடங்குவதைக் கண்டார்கள். கூடுதலாகப் போன செம்பைப் பெரியவர்களின் கல்லீரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். வில்சன் நோய் என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தக் கதவு பிறவியிலேயே அடைபட்டிருக்கிறது. செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்கி, கண்ணின் கருவிழி விளிம்பில் பழுப்பு வளையமாகக்கூடத் தெரியும். தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருபது வயதுவரை நடமாடுகிறவர்கள் உண்டு. கைக்குழந்தைகளுக்கோ அந்தக் கதவு இன்னும் சரியாகத் திறக்கவே இல்லை.

இங்கேதான் நம் நாடு அனுபவித்து மறந்துபோன ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவ நூல்களில் அதற்கு நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்க நோய். ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள். முதலில் சிணுங்கல், சோறு வேண்டாம் என்பது. பிறகு வயிறு உப்பும். விலா எலும்புக்குக் கீழே ஈரல் கல்போலக் கைக்குத் தட்டுப்படும். மஞ்சள் காமாலை வரும். பல குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்துபோனார்கள். ஒரே வீட்டில் இரண்டாவது, மூன்றாவது குழந்தையும் போனதுண்டு. சென்னைப் பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள். "ஜம்மி லிவர் க்யூர்" என்ற மருந்தின் பெயர் அவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மருந்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிற அளவுக்கு அந்த நோய் இருந்தது.

காரணம் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. இறந்த குழந்தைகளின் ஈரலில் செம்பு மலைபோலக் குவிந்திருந்தது தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்பதுதான் புதிர். புனே நகரக் குழந்தை மருத்துவர்களான பாவே, பண்டித் ஆகியோரும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டானரும் சேர்ந்து 1983-இல் 'லான்செட்' இதழில் ஒரு விடையை முன்வைத்தார்கள். தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தி, மாட்டுப்பாலையோ எருமைப்பாலையோ ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து கொடுத்த வீடுகளில் நோய் அதிகமாக இருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும்தான். பாலில் உள்ள கேசின் புரதம் செம்பைப் பற்றி இழுத்து வைத்துக்கொள்ளும். பாத்திரம் பாலுக்குக் கொடுத்தது, பால் குழந்தைக்குக் கொடுத்தது. பித்தளையில் பால் காய்ச்சிய எல்லா வீட்டிலும் நோய் வரவில்லை. ஆகவே பரம்பரைக் கூறும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுப்படியில் பித்தளை போய் எவர்சில்வரும் அலுமினியமும் வந்தபின் அந்த நோய் கண்முன்னே தேய்ந்து மறைந்தது. இன்றைய இளம் டாக்டர்களில் பலர் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலும் இதே கதைதான். 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் ஈரல் சுருங்கி இறந்ததைப் பின்னால் தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் பால், அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரம். பாத்திரம் மாறியது, சாவு நின்றது.

செம்பு எவ்வளவு சேர்ந்தாலும் நல்லது என்கிறவர்கள் அந்தக் குழந்தைகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

"அது பால், இது தண்ணீர்" என்று ஒரு சமாதானம் வரும். தண்ணீரிலும் நடந்திருக்கிறது. 1980-களில் ஜெர்மனியில், சொந்தக் கிணற்று நீர் செப்புக் குழாய் வழியே வந்த சில வீடுகளில், அந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு ஈரல் நோய் வந்தது. கிணற்றில் செம்பு இல்லை. ஆனால் தண்ணீர் புளிப்புத் தன்மை கொண்டதாக இருந்தது. ராத்திரி முழுதும் குழாயில் நின்று காலையில் முதல் தண்ணீராக வெளியே வந்தது.

வீட்டுக் குழாய்த் தண்ணீரில் செம்பு சேர்கிற விதமே இதுதான். ஏரியில் இல்லாதது, சுத்திகரிப்பு நிலையத்தில் இல்லாதது, நகராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் இல்லாதது, வீட்டுக்குள் கடைசிச் சில அடிகளில் சேர்கிறது. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் 1988 ஜூலை 6-ஆம் தேதி, 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் கொட்டிவிட்டார்கள். கேமல்ஃபோர்டு என்ற ஊரின் பெயரில் அந்தச் சம்பவம் அறியப்படுகிறது. கொட்டியது அலுமினியம், ஆனால் தண்ணீர் அமிலமாகிப் போய், வீட்டுக் குழாய்களில் இருந்த செம்பையும் காரீயத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. சிலருக்குத் தலைமுடி பச்சையானது. தண்ணீர் பாதுகாப்பானதே என்றுதான் குடிநீர் அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்பது பொதுமக்களுக்குத் தெரிய இரண்டு வாரங்களுக்கு மேல் ஆனது.

நம் ஊர் வீடுகளில் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய். அதனால் இது நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் சுருள் பல மாடல்களில் செம்பு. கேஸ் கீசரில் தண்ணீர் சூடாகும் பாகமே செம்பு. மொட்டை மாடியில் தட்டையாகக் கிடக்கும் சூரிய வெந்நீர்த் தகட்டுக்குள் இருப்பது செப்புக் குழாய். டேப்பும் வால்வும் பித்தளை. சூடான தண்ணீர் உலோகத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும். அதுவும் ராத்திரி முழுதும் அங்கேயே நின்றால் கேட்கவே வேண்டாம். வாஷ்பேசினில் குழாய் சொட்டும் இடத்தில் நீலப்பச்சைக் கறை விழுந்திருந்தால், "உப்புத் தண்ணி" என்று ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு மறந்துவிடுகிறோம். உப்புக் கறை வெள்ளை. இரும்புக் கறை செம்பழுப்பு. நீலப்பச்சை என்றால் செம்பு.

இன்னொரு பக்கம், ஆர்.ஓ. இயந்திரத்துக்குள்ளேயே செம்பைச் சேர்த்துக் கொடுக்கும் மாடல்கள் வந்துவிட்டன. எவ்வளவு சேர்கிறது, கேட்ரிட்ஜ் பழையதாகும்போது கூடுகிறதா குறைகிறதா, ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டியில் நின்ற தண்ணீரில் எவ்வளவு என்று காட்டுகிற எதையும் நான் பார்த்த இயந்திரங்களில் காணவில்லை. சர்வீஸுக்கு வருகிறவர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டு, "நாப்பதுதான் சார், சுத்தமான தண்ணி" என்கிறார். அந்த மீட்டர் காட்டுவது கரைந்த உப்புகள் எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. அந்த நாற்பதில் இரண்டு செம்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது.

எழுத்தில் வரம்பு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீரில் செம்புக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவையும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோது 1.5 வரை என்ற உச்ச அளவையும் வைத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2-ஐவிட இது கறாரானது. ஆனால் எண் எங்கே அளக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1991-இல் கொண்டுவந்த விதி, குறைந்தது ஆறு மணி நேரம் தண்ணீர் தேங்கி நின்றபின் வீட்டுக் குழாயிலிருந்து வரும் முதல் தண்ணீரைப் பிடித்துச் சோதிக்கச் சொல்கிறது. அப்படி எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 1.3 மில்லிகிராமைத் தாண்டினால் குடிநீர் வழங்குகிறவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். சோதனை வீட்டுச் சமையலறைக்குள் வந்து நிற்கிறது. நமக்கும் அதுதான் வேண்டும். தொட்டியில் சுத்தம் என்பதை வைத்து டம்ளரில் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. தண்ணீரைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். செம்பைப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கேளுங்கள். இரவு நின்ற முதல் தண்ணீரைக் கொண்டுபோங்கள், ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்ததை வேண்டாம்.

சத்து என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் செம்பு போதும். எள்ளுருண்டையிலும் பருப்பிலும் முந்திரியிலும் ஆட்டு ஈரலிலும் அது இருக்கிறது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் செம்புக் குறைபாடு வருவது அபூர்வம். தைராய்டு சரியாகும், எடை குறையும், புற்றுநோய் வராது என்பவற்றுக்கு ஆதாரம் இல்லை. அவற்றை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்களை எண்ணித்தான் கவலைப்படுகிறேன்.

இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிணற்றுத் தண்ணீரோ நகராட்சித் தண்ணீரோ குடிக்கிற வீட்டில், கை நுழையும் செப்புக்குடத்தைத் தினமும் துலக்கி ஒரு ராத்திரி வைத்துக் குடிக்கிற பாட்டிக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். புளிப்பு சேர்க்காமல், களிம்பு விடாமல், கைக்குழந்தைக்குக் கொடுக்காமல் அவர் குடிப்பது அவர் முன்னோர் குடித்த தண்ணீர்தான்.

இதையெல்லாம் சித்தியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. அந்தத் துணியை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்கள் பாட்டி வீட்டு வேப்பமரத்தடியை நினைவுபடுத்தினேன். "ஏன் சித்தி, செம்பு உள்ளே போறது நல்லதுன்னா பாட்டி எதுக்கு ஈயம் பூசினா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்தார். நாலைந்து நாளில் குமட்டல் நின்றதாகப் பிறகு சொன்னார். அது ஒன்றே நிரூபணம் ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

காய்ச்சினால் செம்பு போய்விடுமா என்று கேட்டார். போகாது சித்தி, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும் என்றேன். வெந்நீர் என்றதும் கீசர் பேச்சு வந்தது. குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் வைக்க வேண்டும், காலையில் முதலில் வருகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் செடிக்கு ஊற்றிவிடலாம், கீசர் தண்ணீர் குளிக்க மட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சித்தி பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் ஆகி நாலு மாதம். வேலைக்குத் திரும்பிவிட்டதால் குழந்தைக்குப் பாதி நேரம் பால்பவுடர்தான்.

"ராத்திரியில அடுப்பு மூட்ட வேண்டாம்னு அவ கீசர்லதான்டா வெந்நீர் பிடிச்சுக் கரைக்கறா" என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.